துணையாள் காசு

மகன், ஞாயிற்றுக்கிழமை நீ டெலிபோனில் சொன்னதற்கு நான் பதில் சொல்லாமல் ரிசீவரை வைத்துவிட்டேன். லைன் அறுந்துபோனது என்று நீ நினைத்திருப்பாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. “அம்மா, நீங்க இஞ்ச வந்தாப் பிறகு ஒரு நேர்ஸ் வீட்டுக்கு வருவா. நீங்க எழும்புறது, நடக்கிறது எல்லாம் பாப்பா. அவவுக்கு முன்னால கொஞ்சம் ஏலாத மாதிரி நடவுங்கோ. அப்பதான் உங்களப் பாக்க ஆள் வைக்கிறதுக்கு அரசாங்கம் காசு தரும்” என்று சொல்லிவிட்டு நீ சிரித்தாய். என் இடுப்பெலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள், கொழும்பில், கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன், வயதும் எழுபதைத் தாண்டிவிட்டது. நீ கூப்பிடுவது நியாயம். நான் வருவேன். ஆனால் அந்த நேர்ஸ் வரும்போது என்னால் எப்படி நடக்க முடிகிறதோ அப்படித்தான் நடப்பேன். பொய் சொல்வது பாவம் என்று உனக்குப் பிரசங்கம் வைக்க இதை எழுதவில்லை. உன் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது: உன் அப்பாவுக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இருந்து வாசி.

உன் அப்பா ஆமிப் படையில் சேர்ந்தபோது அது ஒரு சாதாரண அரசாங்க வேலை. எங்கள் தெருவில் ஹாபர் துறைமுகத்தில் இரண்டு பேர், தபால் கந்தோரில் ஒருவர், ஆமியில் இவர். லொறி ஓட்டுவார், லொறி திருத்துவார், கடைசியில் சார்ஜன் பதவிவரை வந்தார். சம்பளத்தைவிடப் பென்ஷனுக்காகவே என் அப்பா இவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார். எண்பத்து மூன்று கலவரத்தில் நாங்கள் கோயிலுக்குள் பாய் விரித்துப் படுத்திருந்தபோது நீ சின்னப் பிள்ளை, என் மடியில் கிடந்தாய். அவர் முகாமுக்குள் இருந்தார். கூட இருந்த சிங்களப் பெடியன்கள் அவரை ஸ்டோர் அறையில் வைத்துப் பூட்டி, சாவியைத் தங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காப்பாற்றினார்கள். வெளியே வந்ததும், ஆமி வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் அழுதேன். “இன்னும் கொஞ்சக் காலந்தானே. இப்ப விட்டா பென்ஷன் இல்ல. இவ்வளவு காலம் ஓடினது வீணாப் போயிடும்” என்றார். பென்ஷனுக்காக நின்றவர் மகன். நாட்டுக்காக நின்றார் என்று சிலர் சொன்னார்கள், இனத்தைக் காட்டிக்கொடுக்க நின்றார் என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டும் இல்லை.

வவுனியாப் பக்கம் அவர் அரிசியும் பருப்பும் ஏற்றிக்கொண்டு போன லொறி கண்ணிவெடியில் ஏறியது. புதைத்தவர்கள் நம்முடைய பிள்ளைகள். ஓட்டியவரும் நம்முடையவர் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தாலும் லொறியை விட்டிருக்கப் போவதில்லை. இடுப்பு நொறுங்கி, வலது கால் தொடையோடு செத்துப்போனது. சிறுநீர் அடங்காது. நான் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போன முதல் நாள், அடுத்த கட்டிலில் கை இல்லாமல் கிடந்த பெடியன் என் பொட்டைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில், “உங்கட ஆக்கள்தான் இத செஞ்சாங்க” என்றான். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று கீழ்வீட்டு மனிசி படியில் நின்று, எனக்குக் கேட்கும்படியாகவே, “ஆமிக்காரனுக்கு ஆண்டவர் குடுத்தது” என்றாள். யாராவது ஒரு பக்கம் எங்களுக்காக அழும் என்று எதிர்பார்க்கும் வயதை நான் அன்றைக்கே கடந்துவிட்டேன். நீயும் கடந்துவிடு. அது நல்லது.

பென்ஷன் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. தானாக எழும்பி நடமாட முடியாத படைக்காரர்களைப் பார்க்க ஆள் வைப்பதற்கென்று மாதாமாதம் ஒரு கொடுப்பனவு. நாங்கள் அதைத் துணையாள் காசு என்று சொல்வோம். அந்தக் காசில்தான் பியசேன வந்தார். ஹாபரில் மூட்டை தூக்கியவர், கையெல்லாம் மரக்கட்டை மாதிரி. காலையில் வந்து அப்பாவைத் தூக்கி, கழுவி, துணி மாற்றி, பின்னேரம் நான் கோட்டையில் கந்தோர் வேலை முடிந்து வரும்வரை இருப்பார். உனக்கு அவரைப் பிடிக்காது. அப்பாவோடு நாள் முழுக்கச் சிங்களத்தில் கதைக்கிறார் என்று கதவைச் சாத்திக்கொள்வாய். அவர் அப்பாவுக்குச் செய்த பெரிய வேலை கழுவியது அல்ல. ஒவ்வொரு காலையும் கட்டில் கம்பியைப் பிடிக்க வைத்து, பின்னால் இடுப்புப் பட்டியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, அவரை எழுப்பி நிறுத்தினார். இடது காலில் கொஞ்சம் பெலன் இருந்தது. ஒரு பாட்டு முடியும் நேரம் நிற்பார். முகம் வெளிறி, வேர்த்து வழியும். ஆனால் நிற்பார். அந்த ஒரு பாட்டு நேரத்துக்காகத்தான் மிச்ச நாள் முழுவதையும் அவர் பொறுத்துக்கொண்டார்.

பிறகு மெடிக்கல் போர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். கொடுப்பனவு எடுக்கிறவர்களைச் சில வருஷத்துக்கு ஒருமுறை டொக்டர்மார் சோதித்துப் பார்ப்பது வழக்கம். நானும் பியசேனவும் கொண்டுபோனோம். அப்பா முதல் நாளே ஷேவ் எடுத்து, வெள்ளை ஷேர்ட்டை ஸ்திரி போட வைத்தார். மண்டபத்தில் வரிசையாகச் சக்கர நாற்காலிகள். உள்ளே எங்களைக் கூப்பிட்டபோது மேசைக்குப் பின்னால் மூன்று டொக்டர்மார் இருந்தார்கள். பக்கத்துக் கதவால் போர்ட்டின் தலைவர் வந்தார், கேர்ணல் உடுப்போடு. அவ்வளவுதான். உன் அப்பா இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்தார், எழும்பினார், நிமிர்ந்தார். ஒரு கையை எடுத்து சலூட் அடித்தார். பியசேன ஓடிப்போய்ப் பிடிக்கும்வரை நின்றார். கேர்ணல் சந்தோஷப்பட்டார். “சார்ஜன், இன்னும் சோல்ஜர்தான்” என்று சிங்களத்தில் சொல்லித் தோளில் தட்டினார். டொக்டர்மாரில் ஒருவர் குனிந்து எழுதினார். வேறு ஒன்றும் சோதிக்கவில்லை. வரும் வழியெல்லாம் அப்பா திரீவீலுக்குள் பாட்டுப் படித்துக்கொண்டு வந்தார். கல்யாணமான காலத்துக்குப் பிறகு அவர் பாடி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

துணையாள் காசு நின்றது. எழும்பி நிற்கக்கூடியவருக்குத் துணையாள் தேவையில்லை என்று பதில் வந்தது. நிற்கத் தெரிந்தவருக்கு நடக்கத் தெரியாது, சிறுநீரை அடக்கத் தெரியாது, கட்டிலில் புரளத் தெரியாது என்று கந்தோர் கந்தோராகப் போய்ச் சொன்னேன். ஒரு கிளார்க் மிக மரியாதையாக, “நோனா, நாங்கள் பேப்பரில் இருப்பதைத்தான் பார்ப்போம்” என்றார். பியசேன கொஞ்சக் காலம் காசில்லாமல் வந்தார். அவருக்கும் பிள்ளைகள். ஒரு நாள் அப்பாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார். அன்றிலிருந்து காலையில் நான் துணி மாற்றிவிட்டுப் போனால் பின்னேரம் நான் வரும்வரை அப்பா ஈரத்தில் கிடப்பார். முதுகில் புண் வந்தது. நீ ஏ.எல். பரீட்சை முடித்து வீட்டில் இருந்தாய். வெளியே போகப் பயம், எந்தச் சந்தியிலும் தமிழ்ப் பெடியன்களைப் பிடிப்பார்கள். புண்ணைக் கண்ட பிறகு நீதான் கழுவினாய். மூக்கைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆனால் கழுவினாய். அதை நான் மறக்கவில்லை.

அந்த வருஷம் கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள் நம்முடைய தெருவை ஆமிக்காரர் சுற்றிவளைத்தார்கள். நான் கந்தோரில். உன்னைக் கொண்டுபோனது உனக்குத் தெரியும். நீ போன பிறகு வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. அவர்கள் உன்னைப் படியால் இறக்கும்போது அப்பா எழும்பப் பார்த்தார். பட்டி பிடிக்க ஆள் இல்லை. விழுந்தார். விழுந்த இடத்திலிருந்து தன்னுடைய நம்பரையும் ராங்கையும் சிங்களத்தில் கத்தினார். ஒருவன் திரும்பி வந்து கதவடியில் நின்று பார்த்தானாம். தரையில் மூத்திரத்துக்குள் கிடக்கும் ஒரு தமிழ்க் கிழவன் தான் சார்ஜன் என்று கத்துகிறான். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். நான் வரும்போது இருட்டிவிட்டது. அப்பா அப்படியே கிடந்தார், நம்பரை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார், குரல் மட்டும் இல்லை. பென்ஷன் அட்டையை எடுத்துக்கொண்டு நான் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அடுத்த நாள் மத்தியானம் உன்னை விட்டார்கள். உன் காது வீங்கியிருந்தது.

வீட்டுக்குள் வந்து நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கட்டிலடிக்குப் போய், “அந்தக் கேர்ணலுக்கு எழும்பி நிண்டீங்கள். எனக்கு எழும்பேல்லை” என்றாய்.

அவர் உன்னைப் பார்த்தார். விழுந்த கதையைச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தேன், அவர் கையால் மறித்தார். உன்னிடம், “ஓம் தம்பி” என்றார். அவ்வளவுதான். ஒரு மனிதனை எதை வைத்துக் கொல்லலாம் என்று பெற்ற பிள்ளைக்குத்தான் தெரியும். இதைக் குறை சொல்லி எழுதவில்லை. உனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது, வளர்ந்துகொண்டிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

மேன்முறையீட்டுக்கு இன்னொரு போர்ட் கிடைத்தது. இந்த முறை எல்லாவற்றையும் நீ கையில் எடுத்தாய். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது என்று சொல்ல வேண்டும், கால் அசையக்கூடாது, யார் உள்ளே வந்தாலும் நிமிரக்கூடாது. “ஊசியால குத்திப் பாப்பாங்கள் அப்பா. கால இழுத்தீங்களெண்டா எல்லாம் முடிஞ்சுது” என்றாய். என்னுடைய தையல் பெட்டியிலிருந்து ஊசி எடுத்தாய். நீ கதிரையில் டொக்டர் மாதிரி இருந்தாய். முதலில் அவருடைய பெருவிரல் துள்ளியது. நீ கோபப்பட்டாய். திரும்பக் குத்தினாய். நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவின் குரல்தான் கேட்டது: “இன்னும் கொஞ்சம் ஆழமாக் குத்து தம்பி. அவங்கள் மெல்லமாக் குத்த மாட்டாங்கள்.” ஒவ்வொரு நாளும் செய்தீர்கள். நான் துவைத்த விரிப்புகளில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. நான் வந்து ஊசியைப் பிடுங்கியிருக்கலாமே என்று உனக்கு இப்போது தோன்றும். எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் இல்லை. அந்தக் காசு இல்லாவிட்டால் புண் எலும்புவரை போயிருக்கும். உண்மையைச் சொன்ன போர்ட்டில் எங்கள் காசை வெட்டினார்கள். பிறகு வேறு என்ன செய்வது? ஒரு நாள் மட்டும் அவர் என்னைக் கூப்பிட்டார். “இஞ்சரும், நான் ஆமி சேவிஸ்ல ஒரு பொய்யும் சொன்னதில்லை. இது சொல்லத்தான் வேணுமே?” என்று கேட்டார். “ஓம், சொல்லத்தான் வேணும்” என்றேன். “அப்ப சரி. ஓடர் எண்டா ஓடர்” என்றார், கட்டளைக்குத் தலையாட்டும் சோல்ஜர் மாதிரி.

இரண்டாவது போர்ட்டில் ஒரு இளம் டொக்டர். உள்ளே நீயும் நானும் இருந்தோம். அவர் ஊசியை எடுத்து இடது பாதத்தில் குத்தினார். “தெரியுதா?” “நே, சேர்.” தெரியாது, சேர். கணுக்காலில் குத்தினார். “நே, சேர்.” டொக்டருக்கு ஏதோ சந்தேகம் வந்திருக்க வேண்டும். பாதத்தின் நடுவில், தோல் மெல்லிசாக இருக்கும் இடத்தில், ஊசியை இறக்கி அப்படியே வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இமைகூட ஆடவில்லை. கழுத்து நரம்பு மட்டும் கயிறு மாதிரி எழும்பி நின்றது. “நே, சேர்.” டொக்டர் ஊசியை எடுத்துவிட்டு எழுதினார். எங்களைப் பார்த்து, “இவரை நிற்கவைக்கப் பார்க்காதீர்கள், விழுந்தால் ஆபத்து” என்று அன்பாகச் சொன்னார். திரீவீலில் வரும்போது நீ அவருடைய தொடையில் தட்டி, “அப்பா, நீங்க சினிமாவில நடிச்சிருக்கலாம்” என்றாய். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். அன்று பாட்டு இல்லை.

காசு திரும்ப வந்தது, நிறுத்திய காலத்துக்கும் சேர்த்து. அது அவரைப் பார்க்க வந்த காசு. அதில்தான் நீ விமானம் ஏறினாய். அப்படிச் செய்யச் சொன்னவர் அவர்தான்: “முதல்ல இவன அனுப்பும். அடுத்த முறை பிடிச்சாங்களெண்டா விடமாட்டாங்கள்.” உனக்கு இது தெரியாது; மாமா தந்தார் என்று சொல்லச் சொன்னார், சொன்னேன். நீ போனபின் பியசேனவைத் தேடினேன். அவர் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கந்தோரையும் அப்பாவையும் சேர்த்துப் பார்க்க என்னால் ஏலவில்லை. வத்தளையில் மடத்துச் சிஸ்டர்மார் நடத்தும் ஒரு பராமரிப்பு வீட்டில் அவரைச் சேர்த்தேன். பென்ஷனும் துணையாள் காசும் அவர்களுக்குப் போனது. நல்ல இடம். புண் ஆறியது. ஞாயிறு தோறும் பூசை முடிந்து நீர்கொழும்பு பஸ்ஸில் போவேன்.

அங்கே கிழமைக்கு ஒருமுறை காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை ஒன்று வரும். இடது காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “அங்கிள், இதுல பெலன் இருக்குதே, நிண்டு பாப்பமா?” என்று கேட்டதாம். அப்பா முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு, “ஏலாது எண்டு போர்ட் எழுதியிருக்கு பிள்ளை” என்றாராம். எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு மத்தியானம், எல்லோரும் நித்திரை கொள்ளும் நேரம், நானே அவருடைய பட்டியைக் கையில் சுற்றிக்கொண்டேன். “இஞ்சருங்கோ, ஒருத்தரும் பாக்கேல்லை. ஒருக்கா எழும்புங்கோ” என்றேன். அவர் என் காதுக்குள், “பாக்கேல்லை எண்டு எப்பிடித் தெரியும்? ஆரும் மேலிடத்துக்கு எழுதிப் போட்டா இந்தக் கட்டிலும் போயிடும்” என்றார். போர்ட் முடிந்துவிட்டது, இனிப் போதும் என்று சொன்னேன். “முடிஞ்சுது எண்டு ஆர் சொன்னது? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே” என்றார். பிறகு நான் கெஞ்சினேன், கோபப்பட்டேன், ஒரு நாள் அவரை நோகவும் பேசினேன். அவர் எழும்பவில்லை. தனியாக இருக்கும்போதுகூடக் காலை அசைக்கவில்லை. யன்னலால் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறேன். ஈ வந்து பாதத்தில் இருக்கும். விரலை ஆட்ட மாட்டார்.

நிற்காத கால் என்ன ஆகும்? வாழைத் தண்டு மாதிரி இருந்த இடது காலும் மற்றதைப் போலவே குச்சியாகியது. படுத்த படுக்கையில் நீரிழிவு என்கிற சீனி வருத்தமும் வந்து சேர்ந்தது. வருஷங்கள் போயின. நீ படம் அனுப்பினாய், கார் வாங்கினதை எழுதினாய், அவர் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தார். உன்மேல் ஒரு சொல் குறை சொன்னதில்லை. அதை நீ ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதே.

அவர் சாவதற்கு முந்தின மாதம் கடைசி முறையாகப் போர்ட்டிலிருந்து சோதிக்க வந்தார்கள். வந்தவர் ஒரு பெண் டொக்டர். மெல்லமாகப் பேசுகிறவர். போர்வையை விலக்கி, கால்மாட்டில் உட்கார்ந்து, வேலையைத் தொடங்கினார். அப்பா மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தார், கழுத்து நரம்பு எழும்பியிருந்தது, அன்றைக்குப் போலவே. கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு சிங்களத்தில், “நான் ரெடி டொக்டர், குத்துங்க” என்றார்.

டொக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம், “குத்தி முடிஞ்சுது சார்ஜன்” என்றார்.

அப்பாவுக்கு விளங்கவில்லை. தலையைத் தூக்கித் தன் பாதத்தைப் பார்த்தார். சிவப்புப் புள்ளிகள் இருந்தன. டொக்டர் அவர் பார்க்கவே இன்னொரு முறை குத்திக் காட்டினார். அப்பா அதை, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். கட்டில் சட்டத்தை விட்டார். கழுத்து இறங்கியது. இது நிரந்தரம், இனிமேல் சோதிக்க வரமாட்டோம் என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக் கிட்ட இழுத்தார்.

“இஞ்சரும்” என்றார், “இனிப் பொய் இல்லை.”

சிரித்தார் மகன். வாய் நிறையச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டிய ஆள் நான் அல்ல.

அம்மா